குண்டும் ஒரு உற்பத்திதான்

"தடை போட்டு என்ன கிழிச்சீங்க?" தமிழில் உலக அரசியல் பேசும் யூடியூப் சேனல்களில் இந்தக் கேள்வி ஒரு தனி வகைமையாகவே வளர்ந்துவிட்டது. தம்ப்நெயிலில் ஒரு பக்கம் புடின், இன்னொரு பக்கம் மேலே ஏறும் பச்சை அம்பு. மேற்கு நாடுகள் ஆயிரக்கணக்கில் பொருளாதாரத் தடைகள் போட்டும் ரஷ்யா வளர்கிறது, தடை போட்ட ஜெர்மனி தேய்கிறது, ஆகவே போர் என்பது ஒரு நாட்டை உறுதியாக்கும் சங்கதி. இதுதான் வாதம். கீழே கமெண்ட்டில் நாலாயிரம் பேர் "தலைவன்டா" என்கிறார்கள்.

இதில் சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் சரி என்பதுதான் சிக்கலே. 2022 ஏப்ரலில் பன்னாட்டு நிதியம், ரஷ்யப் பொருளாதாரம் அந்த ஆண்டு 8.5 சதவீதம் சுருங்கும் என்று கணித்தது. சுருங்கியது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும், திருத்திய கணக்கின்படி, ஜிடிபி 4 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அதே இரண்டு ஆண்டுகளும் ஜெர்மனி சுருங்கியது. வேலையின்மை 2.5 சதவீதத்துக்குக் கீழே. தொழில் உற்பத்திக் குறியீடு ஏறுமுகம்.

எதிர் முகாம் சொல்லும் பதில் எனக்கு இன்னும் எரிச்சல். "ரஷ்ய அரசு கொடுக்கும் புள்ளிவிவரமெல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சில கதவுகளை அவர்கள் சாத்திவிட்டார்கள் என்பது உண்மை. 2022க்குப் பிறகு விரிவான சுங்கத் தரவு வருவதில்லை, 2023இலிருந்து எண்ணெய் உற்பத்தித் தரவும் கிடையாது. ஆனால் மறைப்பது வேறு, இட்டுக்கட்டுவது வேறு. வெளியான எண்களைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடப்பதைப் படிக்க முடியும். படிக்க சோம்பேறித்தனம் என்பதால் பொய் என்று சொல்வது அறிவுஜீவித்தனம் ஆகாது.

நான் சாப்ட்வேர் ஆள், எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஒரு சர்வரின் டேஷ்போர்டில் சிபியு பயன்பாடு 98 சதவீதம் காட்டுகிறது. அந்த எண் பொய் சொல்லவில்லை. ஆயிரம் பேர் டிக்கெட் புக் பண்ணினாலும் 98தான், யாரோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து பிட்காயின் மைனிங் ஓட்டினாலும் 98தான். இயந்திரம் எவ்வளவு உழைக்கிறது என்பதுதான் அந்த எண்ணிடம் கேட்ட கேள்வி. யாருக்காக உழைக்கிறது என்று யாரும் அதனிடம் கேட்கவே இல்லை.

தொழில் உற்பத்திக் குறியீட்டுக்குள் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். மொத்த எண்ணை விட்டுவிட்டு துறைவாரிப் பட்டியலுக்குப் போனால், 'இயந்திரங்கள் தவிர்த்த உலோகப் பொருட்கள்' என்று ஒரு வரி இருக்கும். பாத்திரம், பூட்டு, ஆணி, கொதிகலன் எல்லாம் அதில்தான் வரும். அந்த வரி 2024இல் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ரஷ்யர்கள் திடீரென்று ஆளுக்கு நாலு பிரஷர் குக்கர் வாங்கினார்களா என்ன? உலகம் முழுக்கப் புழங்கும் தொழில் வகைப்பாட்டில் ஆயுதமும் வெடிபொருளும் பாத்திரத்துக்குப் பக்கத்து அறையில்தான் குடியிருக்கின்றன. 'பிற போக்குவரத்துச் சாதனங்கள்' என்ற வரியும் கால் பங்குக்கு மேல் வளர்ந்தது. அதில் ரயில் பெட்டி, கப்பல், விமானத்தோடு பீரங்கி வண்டியும் உண்டு. நிஜ்னி தகீலில் உள்ள உரால்வகோன்சவோத் தொழிற்சாலை சரக்கு ரயில் வேகனும் செய்யும், டி-90 டாங்கும் செய்யும். எதை எத்தனை செய்தது என்று குறியீடு நமக்குச் சொல்லாது.

அடுத்தது விலை. பிஸ்கட் பாக்கெட்டுக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் போகலாம். 152 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர். விலையைத் தீர்மானிப்பதும் அவரே, வாங்குவதும் அவரே, பணம் அச்சிடும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே. அந்த விலையை வைத்துக் கணக்கிட்ட 'வளர்ச்சி'யைப் பிஸ்கட் கம்பெனியின் வளர்ச்சியோடு கூட்டி ஒரே சதவீதமாக்கி நம் கையில் கொடுக்கிறார்கள்.

இதைவிட விசித்திரம், குண்டு வெடித்த பிறகு கணக்கில் நடப்பது. எல்லா நாடுகளும் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையின் 2008 பதிப்பைப் பாருங்கள். குண்டு என்பது கையிருப்புச் சரக்கு. சுட்டால் கையிருப்பிலிருந்து கழியும், ஆனால் அதே தொகை 'பாதுகாப்பு' என்ற அரசு சேவையின் செலவாகச் சேர்ந்துவிடும், ஏனென்றால் அரசு சேவையின் மதிப்பு என்பதே அதற்கு ஆன செலவுதான். ஆக ஜிடிபி குறையாது. டாங்க் என்பது நிலையான சொத்து, ஒரு பாலத்தைப் போல, ஒரு லேத் மெஷினைப் போல. அது உக்ரைன் வயலில் எரிந்து சாம்பலானால்? அந்த இழப்பு வேறொரு பேரேட்டுக்குப் போய்விடும், ஜிடிபியைத் தொடாது. எரிந்ததற்குப் பதில் புதிதாக ஒன்று செய்தால் மறுபடியும் கூட்டல். கழித்தலே இல்லாத கணக்கு நோட்டு. நம்ம ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி இப்படிக் கணக்கு எழுதினால் மூன்றாம் மாதம் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

இது ரஷ்யா செய்த தில்லுமுல்லு இல்லை. உக்ரைனையே பாருங்கள். 2022இல் அதன் பொருளாதாரம் கிட்டத்தட்ட 29 சதவீதம் விழுந்தது. 2023இல், ககோவ்கா அணை உடைந்து ஊர்கள் மூழ்கிய அதே ஆண்டில், 5 சதவீதத்துக்கு மேல் 'வளர்ந்தது'. அதாவது ரஷ்யாவைவிட வேகமாக. யூடியூப் தர்க்கப்படி அந்த வருடம் போரில் உக்ரைன்தான் ஜெயித்திருக்க வேண்டும். அந்தத் தம்ப்நெயிலை மட்டும் யாரும் போடவில்லை.

இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது? பிறந்த இடம் அப்படி. தேசிய வருமானத்தை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ் 1901இல் பின்ஸ்க் நகரில் பிறந்தவர். படித்தது கார்கிவில். ஆம், இன்று ரஷ்ய ஏவுகணைகள் வாரம் தவறாமல் விழும் அதே கார்கிவ். 1922இல் அமெரிக்கா போனார். 1934இல் அமெரிக்க செனட்டுக்கு அவர் கொடுத்த அறிக்கையிலேயே, இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தை ஊகிக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார். ஆயுதச் செலவு மக்கள் நலத்துக்கு நேரடியாக எதையும் சேர்ப்பதில்லை, அதைத் தேசிய வருமானத்திலிருந்து விலக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் தோற்றார். தோற்கடித்தது போர். 1940இல் கீன்ஸ் ஒரு சிறு நூல் எழுதினார், போருக்கு எப்படிக் காசு கட்டுவது என்பதே அதன் தலைப்பு. மறு ஆண்டு ரிச்சர்ட் ஸ்டோனும் ஜேம்ஸ் மீடும் பிரிட்டன் கருவூலத்துக்காக முதல் தேசியக் கணக்கைப் போட்டார்கள். நாட்டில் மொத்தம் எவ்வளவு விளைகிறது, ஜனங்கள் பட்டினி கிடக்காமல் அதில் எவ்வளவைப் போருக்கு உருவலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அமெரிக்க வணிகத் துறையும் 1942இல் அதே வழியில் போர்ச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டது. வேடிக்கை என்னவென்றால் குஸ்நெட்ஸே அந்த ஆண்டு போர் உற்பத்தி வாரியத்தில் உட்கார்ந்து, ராணுவம் கேட்கும் அளவுக்குத் தளவாடம் செய்ய நாட்டுக்குத் திராணி இல்லை என்று இதே எண்களை வைத்து நிரூபித்தார். அந்த வேலைக்கு இது அருமையான கருவி. சண்டை போட எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று கேட்டால் ஜிடிபி நேர்மையாகப் பதில் சொல்லும். ரஷ்யாவின் 4 சதவீதம் சொல்வதும் அதைத்தான். சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அதே பதிலை எடுத்து ஒட்டுவது நாம்.

அடிப்படை மாதத்தை வைத்து விளையாடுவது பழைய வித்தை. 1942 பிப்ரவரியில் ஹிட்லரின் ஆயுத அமைச்சரான ஆல்பர்ட் ஷ்பேர் தன் சாதனையைக் காட்ட ஒரு குறியீடு வைத்திருந்தார். 1942 ஜனவரி–பிப்ரவரி சராசரி 100. 1944 ஜூலையில் 322. 'ஆயுத அதிசயம்' என்று நீண்ட காலம் உலகமே நம்பியது. மாஸ்கோ வாசலில் அடிவாங்கிய பனிக்கால மாதங்களை 100 என்று வைத்தால் எதுவும் அதிசயமாகத்தான் தெரியும் என்பதையும், முந்தைய ஆண்டுகளின் முதலீட்டில்தான் அந்த உயர்வின் பெரும்பகுதி நின்றது என்பதையும் வரலாற்றாசிரியர் ஆடம் டூஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த 322க்குள் 70 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கொத்தடிமைகளின் உழைப்பு இருந்தது. குறியீட்டில் அவர்களுக்கு எடை பூஜ்யம். இன்றைய ரஷ்யா நாஜி ஜெர்மனி என்று சொல்ல வரவில்லை. அளக்கும் ஸ்கேல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த ஸ்கேலுக்கு வெளியேதான் வாழ்க்கை இருக்கிறது. 2022 மே மாதம் ரஷ்யாவில் கார் உற்பத்தி முந்தைய ஆண்டு மேயைவிட ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தது. ஜூனில் லாடா கிரான்டா ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் வெளிவந்தது. அப்படிப் பாதாளத்தில் விழுந்ததோடு ஒப்பிட்டால் அடுத்த ஆண்டு சதவீதம் பிரமாதமாகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் முட்டை விலை ஏறியதற்காக ஒரு ஓய்வூதியப் பாட்டியிடம் டிவி நேரலையில் புடின் மன்னிப்புக் கேட்டார். போருக்காக அவர் மன்னிப்புக் கேட்டதில்லை, முட்டைக்குக் கேட்டார். 2024 அக்டோபரில் மத்திய வங்கியின் வட்டி 21 சதவீதம். நம் ஊரில் வீட்டுக் கடன் வட்டி ஒன்பதைத் தாண்டினாலே குடும்பத்தில் சண்டை வருகிறது. அந்த வட்டியில் கடன் வாங்கி யார் பேக்கரி வைப்பார்கள், யார் தையல் யூனிட் போடுவார்கள்? அரசு ஆர்டர் கையில் இருக்கிறவர் மட்டும் வாங்குவார். மத்திய வங்கித் தலைவி எல்விரா நபியுல்லினாவே 2023 இறுதியில், தாங்கும் வேகத்தை மீறி ஓட்டினால் கார் இன்ஜின் சூடேறிவிடும் என்ற பொருளில் எச்சரித்தார். அவர் என்ன மேற்கத்திய ஏஜென்டா?

வேலையின்மை குறைந்ததே என்பீர்கள். குறையாமல் என்ன செய்யும்? 2022 செப்டம்பரில் மூன்று லட்சம் பேரைப் படைக்கு இழுத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் நாட்டைவிட்டே போனார்கள், மிச்சப் பேரை ஆயுதத் தொழிற்சாலை உறிஞ்சிக்கொண்டது. ஆள் இல்லை, அதனால் வேலையில்லாதவனும் இல்லை.

2024 ஜூலையில் மாஸ்கோ நகரம் படையில் சேர்கிறவர்களுக்கு 19 லட்சம் ரூபிள் கையெழுத்துப் பணம் அறிவித்தது. செத்தால் குடும்பத்துக்கு ஜனாதிபதி ஆணைப்படி 50 லட்சம் ரூபிள், காப்பீடு தனி. ஏழை மாகாணத்துக்காரன் ஒருவன் முப்பதுகளில் போர்முனையில் செத்தால், உயிரோடு இருந்து ஓய்வு வயதுவரை உழைத்துச் சம்பாதிப்பதைவிட அதிகம் வரும் என்று பொருளாதார அறிஞர் விளாதிஸ்லாவ் இனோசெம்த்செவ் கணக்குப் போட்டுக் காட்டினார். இதற்கு மரணப் பொருளாதாரம் என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பணம் நேரடியாக ஜிடிபியில் வராது, அது வெறும் பணமாற்றம். அதை வைத்து அந்த அம்மா வாங்கும் ஃப்ரிட்ஜும், பூசும் சுவரும், மகனின் சவப்பெட்டியும் வரும்.

நமக்கென்ன என்று கேட்கலாம். போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை, பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்தக் காசு சேரும் ரஷ்ய பட்ஜெட்டில் 2025இல் ராணுவத்துக்கு மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எடுபிடி வேலை என்று நம்பிப் போய் ரஷ்யப் படையில் மாட்டிக்கொண்ட இந்தியர்களில் 12 பேர் இறந்துவிட்டதாக நம் வெளியுறவுத் துறையே 2025 ஜனவரியில் சொன்னது. கமெண்ட்டில் "தலைவன்டா" போடும் தம்பியின் வயதுதான் அவர்களில் பலருக்கும் இருந்திருக்கும். மேற்கின் ஆணவத்தின் மேல் நமக்கு இருக்கும் கோபம் நியாயமானது, ஈராக்கை மறக்கச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தைக் குண்டுத் தொழிற்சாலையின் வளர்ச்சி விகிதத்தில் போய் ஆற்றிக்கொள்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு அஸ்திரம் வைத்திருப்பார்கள்: "ப்ரோ, அமெரிக்காவே ரெண்டாம் உலகப் போர்லதானே பணக்கார நாடாச்சு?" சரி, பார்க்கலாம். 1942 பிப்ரவரியிலிருந்து போர் முடியும் கட்டம் வரை அமெரிக்காவில் தனியாருக்கான கார் உற்பத்தி நின்றுபோயிருந்தது. சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல், செருப்பு எல்லாம் ரேஷன். வரைபடத்தில் அதுதான் பொற்காலம். போர் முடிந்து ஆயுத ஆர்டர்கள் ரத்தான 1946இல் ஜிடிபி ஒரே ஆண்டில் 11 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 1930களின் பெருமந்தத்திலேயே மிக மோசமான 1932க்கு அருகில் நிற்கும் வீழ்ச்சி. ஆனால் வேலையின்மை 4 சதவீதத்தைத் தொடவில்லை. ஒரு கோடிப் பேருக்கு மேல் படையைவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், கார் ஷோரூமில் பெயர் எழுதிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.