ஒரு கோப்பைத் தண்ணீர் கூடவா ஆகாது?

"தண்ணீரில் கை வைக்காதே, தடிமன் பிடிக்கும்!" கண்டி நகரத்து வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளை ஓயாமல் கேட்கும் கட்டளை இது. தடிமனைத் தருவது கிருமி, தண்ணீரன்று. படித்தவர்களுக்கே இதை எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஹந்தானைக் குளிர் மெய்தான். அதற்கு இளஞ்சூட்டு நீரும் உலர்ந்த மாற்றுடுப்பும் போதும்.

இதே பெற்றோர்தாம் மூன்று வயது நிறையுமுன்பே பிள்ளையை 'மொண்டிசோரி'யில் சேர்க்க அலைகிறார்கள். நம் நாட்டில் முன்பள்ளி எதுவானாலும் அந்த அம்மையாரின் பெயர்தான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மொண்டிசோரியின் முறையில், ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்றுவதே ஒரு பயிற்சி. சிந்தியதைத் துணியால் துடைப்பதும் அதில் அடங்கும். நாம் பெயரை வைத்துக்கொண்டு நீரை விட்டுவிட்டோம். குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுதச் சொல்கிறோம்.

கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அகன்ற பாத்திரமொன்றில் நான்கு விரல் ஆழத்துக்கு நீர், இரண்டு கோப்பைகள், தேநீர் வடி, கண்ணில் துளையிட்ட சிரட்டை. சிரட்டை ஏன் நிரம்ப மறுக்கிறது என்று பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்குமே, அந்த முகத்தைக் கண்டவர்கள் 'வீண் விளையாட்டு' என்று சொல்லமாட்டார்கள். அகன்ற கோப்பை நீரை ஒடுங்கிய நீளக் குவளையில் ஊற்றினால் நீர் கூடிவிட்டதாகச் சிறு பிள்ளைகள் நம்புவதை ஆராய்ந்தே ஜான் பியாஜே புகழ்பெற்றார். (குளிர்பானக் கடைக்காரர்கள் நம்மையும் அப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்.)

அபாயமில்லையா? உண்டு. சில அங்குல நீரிலும் குழந்தை மூழ்கும். ஆகவே பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில், கைத்தொலைபேசியின்றி, இருந்தே ஆகவேண்டும். முடிந்தவுடன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். தேங்கிய நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். நம் வீடுகளில் குறைவது நீரல்ல, அருகே அமர்ந்திருக்கும் அந்த அரைமணி நேரந்தான் என்பது என் குற்றச்சாட்டு. குழாய் பிடித்து வாகனம் கழுவுகிறவர், பிள்ளை சிந்தும் ஒரு கோப்பையைப் பார்த்துத் 'தண்ணீர் வீணாகிறது' என்கிறார்!

அப்படிச் சொல்லும் உரிமை உள்ளவர் ஒருவரை ஹந்தானையில் சந்தித்தேன். 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாக நிற்கும் மலை அது. லயத்து வாசலில் நின்ற ஒரு தாயிடம், நகரத்தாருக்குச் சொல்லும் உபதேசத்தை அவருக்கும் சொன்னேன்.

"நாலு கோப்ப தண்ணி கொட்டுனா, நான் இன்னொரு நட பீலிக்குப் போகணுங்க ஐயா."

எனக்கு மறுமொழி வரவில்லை. மலையகத்தார் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகளானதை 2023இல் மேடை போட்டு நினைவுகூர்ந்தோம். லயத்து வாசலுக்கு ஒரு குழாய் வருவதற்கு எத்தனை மேடை வேண்டும்? லயத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் தண்ணீர் தராமல், மழலைக் கல்வி பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்களை நான் நம்பமாட்டேன்.

அந்தத் தாய் கீரை அலசத் தொடங்கினார். மகள் அதே நீரில் சிரட்டையை மிதக்கவிட்டாள். அவர் தடுக்கவில்லை. கீரையை எடுத்த பிறகும் சற்றுநேரம் விட்டுவைத்து, பின்பு நீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார்.