அரைமணி நேரம் அறுந்தால் என்ன?

விடுதியில் ஒரு விண்ணப்பம் சுற்றி வருகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் இணையத் தொடர்பை நிறுத்திச் சோதனை செய்யப் போவதாக அலுவலகம் அறிவித்திருக்கிறதல்லவா? அது கூடாது என்பதே அதன் சாரம். பக்கம் நிறையக் கையொப்பங்கள். அவற்றில் நம் தமிழ் மாணவர் கையொப்பங்கள் குறைவல்ல. நான் கையொப்பமிட மறுத்தேன். ஏன் என்று கேட்ட தோழர்களுக்கு மாடிப்படியில் நின்றுகொண்டு விடை சொல்ல இயலவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

ஒவ்வொரு மாடியிலும் ஒரு சுவிட்ச் உண்டு. அறைக் கேபிள்கள் யாவும் அதில் வந்து சேரும். மாடி சுவிட்சுகள் கீழ்த்தளத்திலுள்ள இரண்டு பெரிய சுவிட்சுகளோடு இணையும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கு மேல் இன்னொரு காப்பும் உண்டு. அதற்குப் பிரைவேட் விலான் என்று பெயர். தாராவிச் சந்துகளை அறிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. சந்து முனையில் ஒரு குழாய். எல்லா வீட்டாரும் அங்கே போகலாம், வரலாம். ஆனால் ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குள் நுழைய வழி கிடையாது. அதுபோல ஒவ்வோர் அறையின் கணிப்பொறியும் வெளியுலகுக்குப் போகும் பொது வாயிலை மட்டுமே காணும். பக்கத்து அறையைக் காணாது.

சென்ற பருவத்தில் ஓர் இரவு எங்கள் மாடி சுவிட்ச் உயிரை விட்டது. பணியாளர் அலமாரியிலிருந்த மாற்று சுவிட்சை எடுத்துக் கேபிள்களை மாற்றிச் செருகினார். கால்மணியில் இணையம் வந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம். மூன்றாம் நாள் என் திரையில் யாருடைய கோப்புகளோ தெரிந்தன. திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அடுத்த அறை நண்பரின் ஆய்வேடு இருந்தது. அவர் தங்கையின் திருமணப் பேச்சு முறிந்தது பற்றி அவர் தந்தையார் எழுதிய கடிதமும் இருந்தது. மாற்று சுவிட்சில் எவரும் தடுப்பை எழுதவில்லை. மூன்று நாளாக எல்லார் வீட்டுக் கதவும் திறந்தே கிடந்திருக்கிறது. நண்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இன்றும் அதிகம் பேசுவதில்லை.

விடுதி அலட்சியம் எங்கும் உள்ளதுதானே என்பீர்கள். தாராவியை விட்டு மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்திரா-குர்லா வளாகம். அங்கே தேசியப் பங்குச் சந்தை இருக்கிறது. பணத்துக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லாத இடம். இரண்டு நிறுவனங்களிடமிருந்து தொலைத்தொடர்பு இணைப்புகள் வாங்கி வைத்திருந்தார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று இரண்டு நிறுவனங்களின் இணைப்பும் பழுதுபட்டன. சாலையில் தோண்டும் வேலையால் கம்பி அறுந்தது என்று பின்னர் விளக்கினார்கள். இணைப்பு அறுந்தாலும் இயங்கியிருக்க வேண்டிய சேமிப்பு அமைப்பு எதிர்பாராத விதமாக முரண்டு பிடித்தது. காலை 11.40க்கு நின்ற வணிகம் மாலை 3.45க்குத்தான் தொடங்கியது. அன்றைக்கு 5 மணிவரை சந்தை நடத்தினார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி அதன் பிறகு வருவது. 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் அதே சந்தை தனி அமர்வுகள் நடத்தியது. காலை 9.15 முதல் 10 வரை முதன்மை நிலையத்தில் வணிகம், 11.30 முதல் 12.30 வரை பேரிடர்க்கால மாற்று நிலையத்தில் வணிகம். விளையாட்டுப் பணமன்று, உண்மைப் பணம். விடுமுறை நாளில் வேண்டுமென்றே இடம் மாறிப் பார்த்தார்கள். நமக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை அரைமணி பெரிதா?

சோதித்தால்தான் சில குற்றங்கள் வெளிப்படும். முதல் சுவிட்சின் மின்சாரத்தைப் பிடுங்கினால் இரண்டாவது உடனே பொது வாயிலின் முகவரியை ஏற்கிறதா? விலானின் தாய் எண், கிளை எண் இரண்டும் இரண்டாவதிலும் எழுதப்பட்டுள்ளனவா? இல்லையெனில் விளக்கெல்லாம் எரியும், வெளியே மட்டும் போக முடியாது. சிஸ்கோ சுவிட்சுகளில் வி.டி.பி. முறையின் முதலிரு பதிப்புகள் இந்தப் பிரைவேட் விலான் செய்தியைச் சுமந்து செல்லா. சுவிட்ச் தோறும் கையாலேயே எழுதவேண்டும். மறதிக்கு அதைவிட நல்ல இடம் ஏது! இன்னொரு பொல்லாத சந்தும் உண்டு: நேர்வழி அடைபட்டிருந்தாலும், ரவுட்டர் வரை போய்த் திரும்பிப் பக்கத்து அறைக்கு வந்துவிடலாம். ரவுட்டரில் தனித் தடை எழுதாவிட்டால் தடுப்பு இருந்தும் பயனில்லை. இரண்டு பெரிய சுவிட்சுகளும் ஒரே பிளக்கில் செருகப்பட்டிருக்கின்றனவா என்பதையும் ஒருவர் குனிந்து பார்த்தால் நன்று.

தோழர்களின் குறை முழுவதும் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஞாயிறு காலை ஊரிலிருந்து அம்மா முகம் பார்த்துப் பேசும் நேரம். தேர்வு வாரத்தில் அரைமணியும் அரைமணிதான். தேர்வு வாரத்தை விலக்குங்கள் என்று கேட்கலாம். அலுவலகம் சோதனை செய்துவிட்டு முடிவை வாய்மூடி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டிக்கலாம். அதற்காகச் சோதனையே வேண்டாமென்பது எனக்கு உடன்பாடன்று.

விண்ணப்பத்தாள் இரண்டாம் மாடிப் பலகையில் தொங்குகிறது. அதன் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. "தேர்வு வாரம் நீங்கலாகச் சோதனை நடக்கட்டும், முடிவை அன்று மாலையே இப்பலகையில் ஒட்டுக" என்று எழுதி என் பெயரை இட்டிருக்கிறேன். பக்கத்தில் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.