வேலியில் கிடக்கும் கிழங்கு மருந்தல்ல!

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சில காலமாக வட்ஸ்அப் குழுமங்களில் கார்த்திகைக்கிழங்கு மருத்துவம் சுற்றுகிறது. மூட்டுவலிக்கு அரைத்துக் குடியுங்கள், வளவிலேயே கிடைக்கும், இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்கிறார்கள். "கிழங்கு வேண்டுமா, இன்பொக்ஸ் வாருங்கள்" என்று விற்பவர்களும் வந்துவிட்டார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் இதற்கு வாய்மூடி இருக்க முடியாது.

கார்த்திகைப்பூ என்றதும் நம் நாட்டில் அரசியல் பேச்சு வந்துவிடும். நாங்கள் பேசுவது பூவைப் பற்றியல்ல, மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பற்றி. கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்பதும் இதுதான். சிங்களத்தில் நியங்கலா. வற்றாளைக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவித்தாலும் காயவைத்தாலும் இதன் நஞ்சு போய்விடாது.

அந்த நஞ்சின் பெயர் கொல்சிசின். தரம் 11 பிள்ளைக்கு இழையுருப்பிரிவு தெரியும். கலம் பிரியும்போது கதிர்நார் உருவாக வேண்டும்; கொல்சிசின் அதைத் தடுத்துவிடும். அதனால் வேகமாகப் பிரியும் கலங்கள்தான் முதலில் அடிபடும்: குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, முடியின் வேர். சாப்பிட்டுச் சில மணித்தியாலங்களில் வாந்தி, வயிற்றோட்டம். அது குறைந்ததும் "சுகமாகிவிட்டது" என்று வீட்டார் நினைப்பார்கள். ஆபத்தே அதற்குப் பிறகுதான். இரண்டாம், மூன்றாம் நாளில் சிறுநீரகம், ஈரல், இதயம் ஒவ்வொன்றாகத் தளரலாம். பிழைத்தவருக்கு ஓரிரு கிழமையில் முடி கொட்டும். எங்கள் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று மாற்றுமருந்து கிடையாது.

"அப்படியானால் டொக்டர்மாரும் கொல்சிசின் தருகிறார்களே?" என்று கேட்பார்கள். உண்மைதான், கௌட் வாதத்துக்குத் தருகிறார்கள். ஆனால் பாமசியில் வாங்கும் ஒரு வில்லை அரை மில்லிகிராம். ஆயிரம் மில்லிகிராம் சேர்ந்தால்தான் ஒரு கிராம். அவ்வளவு சிறிய அளவுக்குள்தான் மருந்தும் நஞ்சும் பிரிகின்றன. சிறுநீரக நோயாளிக்கு அதைக்கூடக் குறைத்தோ நிறுத்தியோதான் கொடுப்பார்கள். உங்கள் வேலிக் கிழங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது? மண்ணுக்கு மண், கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். இன்பொக்ஸில் விற்பவரிடம் இருப்பது சமையலறைத் தராசு. அதுவும் இருந்தால்!

இதைச் சொன்னதும் "நாட்டு வைத்தியத்தை இழிவுபடுத்துகிறீர்கள்" என்று கிளம்புவார்கள். இல்லை. இழிவுபடுத்துவது நீங்கள்தான். சித்த, ஆயுர்வேத மரபுகள் இந்தக் கிழங்கை நஞ்சு வகையிலேயே வைத்திருக்கின்றன. சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்றும் விதித்திருக்கின்றன. யூனானியில் இதே கொல்சிசின் உள்ள சூரிஞ்சான் கிழங்கை மூட்டுவாதத்துக்குப் பயன்படுத்திய ஹகீம்கள் இனிப்பு வகை, கசப்பு வகை என்று பிரித்தார்கள். கசப்பானதை வெளிப்பூச்சுக்கே ஒதுக்கினார்கள். அந்தக் கிழங்கிலிருந்துதான் 1820 இல் பிரான்சில் கொல்சிசினைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஹகீம்களுக்கு இருந்த பயம் உங்களுக்கு ஏன் இல்லை? மரபின் பாதியை, அதுவும் எச்சரிக்கை இல்லாத பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு மரபு என்று பெயர் வைக்காதீர்கள்.

மருத்துவம் தெரியாமல் மருத்துவம் செய்து ஆளுக்குத் தீங்கு வந்தால் செய்தவரே பொறுப்பாளி என்பது நமது மார்க்கம் சொன்ன சட்டம். போர்வேர்ட் பண்ணுகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

மறுபக்கத்தில், "எல்லாவற்றையும் பிடுங்கி எரியுங்கள்" என்பவர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர்ப் பக்கம் இதை வயலில் பயிரிட்டு, விதையை மருந்துக் கம்பனிகளுக்கு விற்றுப் பிழைக்கிறார்கள். நஞ்சு என்பதால் ஒரு செடி வீணாகிவிடாது. அது தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது? 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த, யூனானி வைத்தியர்களும் பதிவு செய்யப்படுகிறார்கள். மூட்டுவலி என்றால் பதிவுள்ள வைத்தியரிடம் போங்கள். அவர் தருவதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். செடி உங்கள் வேலியில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயரைச் சொல்லி, கிழங்கைத் தொட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். புளிக்கரைசல், மோர் என்று நேரத்தை வீணாக்காமல் 1990 இற்கு அழையுங்கள். மிச்சக் கிழங்கையும் கையோடு கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டார் என்பது டொக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

அந்த வட்ஸ்அப் செய்தி உங்கள் குழுமத்துக்கும் வந்திருந்தால், அதற்குக் கீழேயே இதைப் போடுங்கள். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் சரி, மௌலவியாக இருந்தாலும் சரி.