மிஞ்சிய பணமும் மலைச்சரிவுக் காணியும்

நாவலப்பிட்டியின் இளைய சகோதர சகோதரிகளுக்கு, டொரொண்டோவிலிருந்து அன்பு வணக்கம்.

தோட்டத்து லயங்களிலே பிடித்தங்கள் போக வெறுங்கையுடன் திரும்பிய பாட்டன்மாரின் வம்சத்தில், பாடசாலைகளிலும் வங்கிகளிலும் கொழும்புக் கணினி நிறுவனங்களிலும் உத்தியோகம் பெற்று, மாத முடிவில் ஒரு தொகையை மீதமாகக் காணும் முதல் தலைமுறையாக உங்களில் பலர் இருக்கின்றீர்கள். ஆகவேதான் அத்தொகையைக் குறித்து எழுதத் துணிந்தேன்.

ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "வட்டி எவ்வளவு?" என்ற வினாவே என் காதில் விழுகிறது, பணத்தை வாங்குகிறவருக்கு அதனை வாங்கும் அதிகாரம் உண்டா என்று எவரும் விசாரிப்பதில்லை. வைப்புப் பெற அனுமதியில்லாத கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனி 2008இல் வீழ்ந்ததையும், உரிமம் பெற்றிருந்த த ஃபினான்ஸ், ஈ.ரி.ஐ. ஆகிய நிதிக் கம்பனிகளின் உரிமங்கள் 2020இல் ரத்தானதையும் நாடறியும். அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ இட்ட வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே காப்புறுதி உண்டு என்பதால், அதற்கு மேற்பட்டதைப் பிரித்து வைப்பதே விவேகம். 2023இல் மத்திய வங்கி பெயர் குறித்து எச்சரித்த ஒன்மெக்ஸ் டி.ரி. போன்ற பிரமிட் திட்டங்களோ, அந்நியர் மூலமன்றி மைத்துனர் மூலமே வீட்டுக்குள் நுழைகின்றன. தாட்சண்யம் கருதி உடன்படுவோரே அதிகம். (அத்தைமார் நடத்தும் சீட்டை நான் பழிக்கவில்லை, அங்கே ஆளையாவது தெரியும்.)

வட்டியின் அளவும் தனித்து நின்றால் பொருளற்றது. ஒற்றை இலக்க வட்டிக்கு 2021இல் நிலையான வைப்பிட்டவர், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, ரூபாவை இழக்காமலே அதன் பெறுமதியை இழந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்கள் சுமார் 30 சதவீதம் ஈட்டியதைப் பயன்படுத்தியவர்களோ, அவசரத் தேவைக்கென ஆறு மாதச் செலவைத் தனியே ஒதுக்கி, மிஞ்சியதைக் குறுகிய தவணைகளில் வைத்திருந்தவர்களே. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதியை மறந்துவிடாதீர்கள். முதலாளி அதனை ஒழுங்காகச் செலுத்துகிறாரா என்று வருடந்தோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் காணி. தலைமுறை தலைமுறையாக மண்ணின்றி வாழ்ந்த சமூகத்துக்குக் காணிமீது இருக்கும் தாகம், கணக்கினால் அளக்கத்தக்கதன்று. அதனை நான் பரிகசிக்கமாட்டேன். ஆனால் கினிகத்தேனைப் பாதையோரச் சரிவுகளில் கடன்பட்டு நிலம் வாங்க நினைப்போர், காணிப் பதிவகத்தில் உறுதியின் வரலாற்றைத் தேடுமுன்பே, அவ்விடம் மண்சரிவு அபாயத்துக்கு உட்பட்டதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டறிய வேண்டும். அபாயம் என்று அவர்கள் சொன்னால், முற்பணம் கொடுத்துவிட்டோமே என்ற தயக்கத்தையும் தரகரின் சமாதானத்தையும் ஒதுக்கிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

உங்கள் அண்ணன்