வயசானா அப்படித்தானா?

"வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சை நம் வீடுகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! நானும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று எழுதத்தான் இந்த வாரம் இடம் கேட்டு வாங்கினேன்.

2023-ல் எங்கள் தாத்தா இறந்தார். அதன் பிறகு ஆச்சி கொஞ்சம் கொஞ்சமாக மாறிட்டாங்க. அழுதிருந்தால் எங்களுக்கே புரிந்திருக்கும். ஆச்சி அழவே இல்லை. "கால் உளையுது, நெஞ்சு படபடன்னு வருது, வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ராத்திரி மூணு மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாங்க. கோலம் போடுவது நின்று போச்சு. அடுப்பில் வைத்த பாலை மறந்தாங்க.

ஈ.சி.ஜி. எடுத்தோம், சர்க்கரை பார்த்தோம். எல்லாம் சரி. உடனே வீட்டில் எல்லாருமே டாக்டர் ஆகிவிட்டோம்! "மூணு வேளை சோறு, டி.வி., உங்களுக்கு என்ன குறை?" என்றார் மாமா. பெரியம்மா கோயிலுக்குப் போகச் சொன்னாங்க. நான்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஏட்டி, செத்த நேரம் பக்கத்துல இருட்டி" என்று ஆச்சி கூப்பிடுவாங்க. "ஹோம்வொர்க் இருக்கு ஆச்சி" என்பேன். பாதி நாள் ஹோம்வொர்க் இருக்காது.

கடைசியில் மனநல டாக்டரிடம் போனோம். ஊர் என்ன சொல்லுமோ என்று அப்பாவுக்குத் தயக்கம். அந்த டாக்டர் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி பதினைந்து கேள்வி கேட்டார். தைராய்டும் பி12 சத்தும் குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும் என்று ரத்தம் பார்க்கச் சொன்னார். அதிலும் ஒன்றும் இல்லை. ஆச்சிக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்ற நோய். வயதானவர்களுக்கு அது துக்கமாகத் தெரியாமல் உடம்பு வலியாக, தூக்கமின்மையாக, மறதியாகத் தெரியலாமாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நாங்கள் காட்டியது எட்டு மாதம் கழித்து.

இன்னொன்று. "சீக்கிரம் போய்ச் சேரணும்" என்று ஆச்சி சொல்லும்போதெல்லாம் நாங்கள் "சும்மா இருங்க, வாய்ல நல்ல வார்த்தை வரட்டும்" என்று அடக்கினோம். டாக்டரோ, "உயிரை விட்டுரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆச்சி, "தோணுச்சு ஐயா" என்றாங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. மூணு வாரம் ஆனபோது நிறுத்திவிடலாம் என்றுகூட வீட்டில் பேசினோம். நல்லவேளை, நிறுத்தவில்லை. முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி. 'அன்பாப் பார்த்துக்கிட்டா போதும், மாத்திரை எதுக்கு?' என்பவர்களிடம் எனக்குச் சண்டைதான். சர்க்கரைக்கு அப்படிச் சொல்வோமா?

ஆனால் மாத்திரை மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. தாத்தா இருந்தவரை அவருக்கு வெந்நீர் வைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது என்று ஆச்சிக்கு நாள் முழுக்க வேலை. அவர் போனதும் பாசத்தில், "நீங்க உட்காருங்க" என்று மிச்ச வேலையையும் பிடுங்கிக்கொண்டோம். ஒரு நாள் பூராவும் வேலை இல்லாமல், பேச ஆள் இல்லாமல் நாம் உட்கார்ந்து பார்ப்போமே! இப்போது கீரை ஆய்வது ஆச்சி. சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் குளத்தங்கரை வரை நடக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் 14416-க்கு போன் செய்யுங்கள். 2022-ல் தொடங்கிய அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இதை எழுதட்டுமா என்று ஆச்சியிடமே கேட்டேன். "எழுதுட்டி, பேரை மட்டும் போட்ராத" என்றாங்க. அதனால் என் பேரும் இல்லை.

– ஒரு மாணவி, 9-ஆம் வகுப்பு