அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த கடன்

போன இதழில் மாதச் செலவில் மிச்சம் பிடிப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி நாலே வரியில் கடிதம் போட்டிருக்கிறார். "மிச்சம் பிடி, மிச்சம் பிடி என்கிறீர்கள். கழுத்தளவு கடனில் நிற்கிறவள் எதை மிச்சம் பிடிப்பது? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று.

சுருக்கென்றது. ஏனென்றால் நானும் அப்படி நின்றவள்தான். இத்தனை நாள் இந்தப் பகுதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. வெட்கம்தான் காரணம், வேறென்ன? இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. அவருடைய கம்பெனியில் இரண்டு மாதம் சம்பளம் இழுத்தடித்தார்கள். பள்ளிக்கூட ஃபீஸ், மருந்து, மளிகை என்று எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். சம்பளம் வந்த பிறகும் தேய்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. மாமியாருக்கு முழங்கால் வைத்தியம் வந்தபோது என் செயினும் வளையலும் பாங்குக்குப் போயின. இதெல்லாம் அவருக்குத் தெரிந்த கடன்.

தெரியாத கடன் ஒன்று இருந்தது. என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, பக்கத்துத் தெருவில் மூணு வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினேன். பிறந்த வீட்டில் தலை நிமிர்ந்து நின்றேன். ஆனால் மாதா மாதம் 600 ரூபாய் வட்டி கொடுப்பதற்குள் தலை தானாகக் குனிந்துவிட்டது. வட்டி கொடுத்த சீட்டுகளையெல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன்.

ராத்திரி தூக்கம் கிடையாது. ஓயாத தலைவலி. குழந்தை பென்சில் தொலைத்தால்கூட எரிந்து விழுவேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "வீட்டிலே ஏதாவது கவலையா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், எட்டாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "அம்மா, மினிமம் டியூன்னா என்னம்மா? உன் ஃபோன்ல தினமும் வருதே?"

குழந்தைக்குத் தெரிந்துவிட்டது, கட்டியவருக்குத் தெரியவில்லை! அன்றைக்கு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டின்னுக்குப் பின்னாலிருந்த சீட்டுகளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. கடைசியில், "ஒரு நோட்டு எடு. எல்லாத்தையும் எழுதிடலாம். என் பங்குக்கும் ஒண்ணு இருக்கு" என்றார். அவர் தன் அக்காவிடம் 15,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். அது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே கட்டிலில் முழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம்!

ஒரே தாளில் எழுதுங்கள்

சகோதரிகளே, முதல் மருந்து இதுதான். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, மாத வட்டி எத்தனை ரூபாய் என்று மூன்று கட்டம் போதும். எங்கள் தாள் இப்படி இருந்தது:

கிரெடிட் கார்டு 48,000, வட்டியும் வரியும் சேர்த்து மாதம் 1,982.
மூணு வட்டிக் கடன் 20,000, மாதம் 600.
நகைக் கடன் 60,000, நூற்றுக்கு 80 பைசா வீதம் மாதம் 480.
வாஷிங் மெஷின் தவணை பாக்கி 9,000, மாதம் 1,500 வீதம் ஆறு மாதம்.
மளிகைக் கடை 7,500, வட்டி இல்லை.
நாத்தனார் கைமாற்று 15,000, வட்டி இல்லை.

ஆக மொத்தம் 1,59,500. வட்டி மட்டும் மாதம் 3,062! மொத்தத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் வேடிக்கை பாருங்கள், அன்றைக்கு ராத்திரிதான் வெகு நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன். மனசுக்குள் இருந்தவரை அது பூதமாக இருந்தது. தாளில் இறங்கியதும் வெறும் கணக்காகிவிட்டது.

கார்டு கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நாங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த 'மினிமம் டியூ' 2,400 ரூபாய். அதில் 1,982 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். கடன் குறைவது வெறும் 418 ரூபாய்! போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்த்தால் அதற்கு அன்றைக்கே வட்டி ஆரம்பம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

பணம் எங்கிருந்து வரும்?

அன்றிரவே கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டினோம். பழைய கடனை அடைக்கும்வரை புதிய கடன் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பது முதல் சட்டம்.

பிறகு ஒரு மாதம் முழுக்க, பூ வாங்கிய பத்து ரூபாய் வரை எழுதினேன். வெளிச் சாப்பாடு, பார்க்காத சானலுக்குக் கட்டின சந்தா, தேவைக்கு மேல் போட்ட ரீசார்ஜ், விசேஷ வீடுகளில் ஊர் மெச்ச வைத்த மொய் என்று 2,700 ரூபாய் கண்ணில் பட்டது. பால், பழம், குழந்தை முட்டை இவற்றில் கை வைக்கவில்லை. வயிற்றைக் கட்டிக் கடன் அடைத்தால் அந்தப் பணம் டாக்டரிடம் போகும். ஏற்கெனவே நான் ரவிக்கை தைப்பவள். இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்ததில் 1,800 வந்தது. கார்டுக்கும் வட்டிக்கும் தவணைக்குமாக முன்பே போய்க்கொண்டிருந்த 4,500-ஐயும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய். சம்பளம் வந்த அன்றே இதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது.

எதை முதலில் அடைப்பது?

சத்தம் போடுகிற கடனை முதலில் அடைக்கத் தோன்றும். தப்பு. அதிகம் தின்கிற கடனை முதலில் அடைக்க வேண்டும். எங்கள் தாளில் அது கார்டு. அதனால் மற்றவர்களுக்குக் குறைந்தபட்சம் கொடுத்துவிட்டு, மீதியெல்லாம் கார்டுக்கு. வாஷிங் மெஷினுக்கு 1,500, மூணு வட்டிக்கு 600, மளிகைக்கு 500, அவசர டப்பாவுக்கு 500. பாக்கி 5,900 கார்டுக்கு.

ஆறு மாதத்தில் வாஷிங் மெஷின் தவணை முடிந்தது. அந்த 1,500-ஐச் செலவுக்கு எடுக்காமல் அதையும் கார்டில் போட்டோம். இதுதான் சூட்சுமம். ஒரு கடன் முடிந்தால் அந்தப் பணம் அடுத்த கடனுக்குப் போக வேண்டும். பத்தாவது மாதம் கார்டு பாக்கி பூஜ்யம்! பிறகு மொத்தப் பணமும் மூணு வட்டிக் கடனுக்குத் திரும்பியது. பன்னிரண்டாவது மாதம் அதுவும் தீர்ந்தது. கடன் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, கிழித்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். நீங்களும் கார்டை முடித்தால், பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி, கணக்கையும் மூடச் சொல்லுங்கள்.

பெரிய கடனைப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது என்பவர்கள், முதலில் ஒரு சின்னக் கடனை அடைத்துவிட்டுத் தொடங்கலாம். வட்டி கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் பாதியில் விடுவதைவிட அது மேல்.

மாமியார் தன் இரண்டு வளையலைக் கழற்றி, "இதை வச்சு கார்டை அடைச்சிடும்மா" என்றார். கணக்குப்படி அது சரியான யோசனைதான். நாலு ரூபாய் தின்கிற கடனை 80 பைசாக் கடனாக மாற்றலாம். ஆனால் எங்களுக்கு எங்கள் மேலேயே அப்போது நம்பிக்கை இல்லை. கார்டு காலியானதும் மறுபடி வாங்கிவிட்டால்? "வேண்டாம் அத்தை, கையிலேயே இருக்கட்டும்" என்றேன். கண் கலங்கிவிட்டது, எனக்கும் அவருக்கும்.

நாமே போய்ப் பேசுவது

மளிகைக்கடை அண்ணாச்சியைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடந்தவள் நான். ஒருநாள் நேரே போய், "அண்ணாச்சி, மாசம் 500 தர்றேன். பாக்கி தீரும்வரை இனிமே ரொக்கம்தான்" என்றேன். "இதைச் சொல்ல இவ்வளவு நாளாம்மா? நீங்க வராமப் போனதுதான் வருத்தம்" என்றார். நாத்தனாரிடம் அவரே பேசினார். ஒரு வருஷம் கழித்துத் தருவதாகச் சொல்லி, சொன்னபடி பதின்மூன்றாவது, பதினாலாவது மாதங்களில் கொடுத்துவிட்டோம். பாங்கிலும் தவணை தவறிய பிறகு போவதைவிட, தவறும் முன்னே போய்ப் பேசினால் மரியாதை உண்டு.

நடுவில் சறுக்கலும் வந்தது. ஐந்தாவது மாதம் மகளுக்குக் காய்ச்சல். டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று 1,700 ரூபாய். முன்பானால் கார்டுதான். இந்த முறை அவசர டப்பாவில் 2,000 இருந்தது. கடன் அடைக்கும்போது எதற்குச் சேமிப்பு என்று கேட்டவருக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது!

மிரட்டினால் பயப்படாதீர்கள்

வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் ஃபோன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. திட்டுவதும், உறவுக்காரர் முன் அவமானப்படுத்துவதும் கூடாது. முதலில் கடன் கொடுத்த பாங்குக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. ஃபோனில் உள்ள பெயர்களையும் படங்களையும் கேட்கிற கடன் ஆப் பக்கமே போகாதீர்கள். அப்படி யாராவது படத்தை வைத்து மிரட்டினால் 1930-க்குச் சொல்லுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது.

கடனை நினைத்து உயிரே வேண்டாம் என்று தோன்றினால், அந்த நிமிஷமே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். கடன் எத்தனை பெரிதானாலும் அம்மாவை விடப் பெரிதில்லை.

நகைக் கடன் முதல் வருஷ வட்டியைத் தீபாவளி போனஸில் கட்டி, அசலை மெல்ல மெல்லக் குறைத்தோம். இருபத்திரண்டாவது மாதம் செயினும் வளையலும் வீட்டுக்கு வந்தன. மகள்தான் செயினை என் கழுத்தில் போட்டுவிட்டாள். "இனிமே மினிமம் டியூ வராதாம்மா?" என்றாள். "வராது கண்ணு" என்றேன்.

கடிதம் போட்ட சகோதரியே, இன்று ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மறைத்து வைத்திருப்பதை முதலில் எழுதுங்கள். மிச்சம் பிடிப்பது பிறகு தானாக வரும்.