தீவுப் பறவைகளைக் காக்கும் பணி பாதியில் நிற்கலாகாது

ஹவாய்த் தீவுகளுக்கே உரிய ஹனிகிரீப்பர் பறவைகளைப் பறவை மலேரியாவிலிருந்து காப்பதற்காக, மாவி தீவின் மலைக்காடுகளில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்டுப் பின்னர் காவாய் தீவுக்கும் விரிவுபடுத்தப்பட்ட ஆண் கொசு விடுவிப்புத் திட்டம், ஆண்டுதோறும் நிதிக்காகக் கையேந்தும் நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, நீண்டகாலச் சட்டப் பொறுப்பாக ஆக்கப்பட வேண்டும். இடைநிறுத்தம் இத்திட்டத்தின் பயனை அழித்துவிடும். அதன் விளைவு ஈடுசெய்ய முடியாத இன அழிவாக முடியும்.

ஹவாயில் இயற்கையாகக் கொசு இனம் எதுவும் இருந்ததில்லை. 1826ஆம் ஆண்டில் லஹைனா துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்கள் வழியாகக் கியூலெக்ஸ் கொசு அங்கே நுழைந்ததாக வரலாறு கூறுகிறது. தமிழகத்தில் யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதே கொசுதான். மனிதரைத் தாக்காமல் பறவைகளின் இரத்தச் சிவப்பணுக்களை மட்டும் அழித்துப் பறவை மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணி, வேற்றுநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவைகளின் உடலில் பின்னர் வந்து சேர்ந்தது. பறவை அம்மை நோயும் இதே கொசுவைத் துணையாகக் கொண்டது. பல இலட்சம் ஆண்டுகளாகக் கொசுக்கடியையே அறியாது வாழ்ந்த பறவைகளுக்கு இந்நோய்களை எதிர்க்கும் ஆற்றல் உருவாகியிருக்கவில்லை. செந்நிற உடலும் வளைந்த அலகும் கொண்ட இஈவி பறவையை நோயுற்ற கொசு ஒருமுறை கடித்தாலே பெரும்பாலும் மரணம்தான் என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹனிகிரீப்பர் இனங்கள் வாழ்ந்த இத்தீவுகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 17 மட்டுமே.

எஞ்சியவை பிழைத்திருப்பதற்கு மலையுச்சியின் குளிரே காரணம். வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணி முதிர்ச்சியடைவதில்லை என்பதால், சுமார் 1,500 மீட்டருக்கு மேலுள்ள காடுகள் நெடுங்காலம் நோயற்ற புகலிடமாக இருந்தன. புவி வெப்பமடைவதால் கொசுக்கள் மேலேறி வருகின்றன. ஆனால், மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரை எட்டாத காவாய் தீவில் பறவைகள் மேலேறுவதற்கு இடமில்லை. அங்கு வாழும் அகிகிகி என்னும் சிறுபறவை, காட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்துபோனதற்கு இதுவே காரணம்.

பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தால் போதாதா என்று கேட்போருக்கு, 2019ஆம் ஆண்டின் மாவி அனுபவமே விடையாகும். கிவிகியூ பறவைகளைத் தீவின் மறுபுறத்தில் புதிதாக வளர்க்கப்பட்ட காட்டில் குடியேற்ற முயன்றபோது, அவற்றுள் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே மலேரியாவால் மாண்டன. கொசு இருக்கும்வரை கூண்டில் பெருகும் பறவைக்குத் திரும்பிச் செல்லக் காடு இல்லை என்பதையும், கூண்டு வளர்ப்பு என்பது காலத்தை நீட்டிக்குமேயன்றித் தீர்வாகாது என்பதையும் அந்த இழப்பு ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியது.

ஆகவே கொசுவைக் குறைப்பது ஒன்றே வழி. பூச்சிகள் பலவற்றின் உடலில் இயல்பாகவே வாழும் ஊல்பாக்கியா என்னும் பாக்டீரியாவின் வேறொரு வகையைக் கொண்ட ஆண் கொசுக்கள் காட்டில் விடப்படுகின்றன. அவற்றோடு இணையும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிப்பதில்லை. மரபணு மாற்றமும் இதில் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கட்டுப்படுத்தச் சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டு முதல் கையாண்டுவருவதும் இத்தகைய முறையே.

ஓர் அயல் உயிரினத்தால் வந்த கேட்டைத் தீர்க்க மீண்டும் பூச்சிகளையே விடுவதா என்ற எதிர்ப்பைப் புறந்தள்ளிவிட முடியாது. கரும்புத் தோட்டங்களின் எலிகளை ஒழிக்க 1883ஆம் ஆண்டில் இறக்குமதியான இந்தியக் கீரிகள், இரவில் நடமாடும் எலிகளை விட்டுவிட்டுத் தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்று பெருகியதை அத்தீவுகள் மறக்கவில்லை. எனினும் கீரி இனம்பெருக்கி அங்கேயே நிலைத்துவிட்டது. விடப்படும் ஆண் கொசுவோ சந்ததி எதையும் விட்டுச்செல்லாமல் குறுகிய காலத்தில் மடிந்துபோகிறது. தீமை ஏதேனும் தென்பட்டால் விடுவிப்பை நிறுத்தினாலே போதும். காடு முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடும்.

பாதுகாப்பை உறுதிசெய்யும் இதே இயல்புதான் இடையறாத உழைப்பையும் கோருகிறது. சாலைகளற்ற செங்குத்தான மலைக்காடுகளில் ஹெலிகாப்டர் மூலமும் ட்ரோன் மூலமும் வாரந்தோறும் இலட்சக்கணக்கான கொசுக்களை விடும் பணி ஓரிரு பருவங்கள் தடைப்பட்டாலும், கொசுக்கள் மீண்டும் பெருகி அதுவரை செலவிட்ட பணமும் உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகும். ஆட்சி மாற்றத்துக்கும் வரவு செலவுத் திட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் ஏற்ப நிதியைக் கூட்டிக் குறைப்பது இங்குச் சிக்கனம் ஆகாது. அமெரிக்கக் கூட்டரசும் ஹவாய் மாநில அரசும் பல ஆண்டுகளுக்கான நிதியை ஒதுக்குவதோடு, மரப்பெரணிகளின் தண்டுகளைக் குடைந்து மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் குழிகளை உண்டாக்கும் காட்டுப்பன்றிகளை வேலியிட்டுத் தடுக்கும் பணிக்கும் அதே முன்னுரிமை அளிக்க வேண்டும்.

பிற தீவுகளுக்கும் இதில் பாடம் உண்டு. இதே கியூலெக்ஸ் கொசு கலாபகசுத் தீவுகளில் 1985ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அதன்மூலம் கொடிய நோய்க்கிருமி ஒன்று வேரூன்றினால், டார்வினின் பெயரைத் தாங்கிய குருவிகளும் ஹவாய்ப் பறவைகளின் கதிக்கு ஆளாகக்கூடும். கப்பலிலும் விமானத்திலும் பூச்சிகளைத் தடுக்கும் சோதனைக்கு ஆகும் செலவு, நோய் பரவிய பின்னர் காடு முழுவதும் அதனோடு போராடும் செலவில் ஒரு சிறு பகுதியே.

இப்பறவைகளின் இறகுகளால் நெய்த மேலாடையே ஹவாய் அரசர்களின் பெருமையாக விளங்கியது. அக்காடுகளின் பல மலர்கள் இன்றும் இப்பறவைகளின் அலகுகளாலேயே மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன. அழிந்த எட்டு ஹவாய்ப் பறவைகளை அமெரிக்க அரசு 2023ஆம் ஆண்டில் அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து ஒரே ஆணையில் நீக்கியது. மனிதர் கொண்டுவந்த நோயை நீக்கும் கடமை மனிதருக்கே உரியது. வழி தெரிந்திருந்தும் பணத்தைக் காரணம் காட்டி அதைக் கைவிட எந்த அரசுக்கும் உரிமையில்லை.